ரெஜினா மிஸ் கேட்ட கடிதம்

ரெஜினா மிஸ் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, ஜீவனஹள்ளியில் தானும் தங்கையும் குடியிருந்த வாடகை வீட்டில் இறந்தார். இதை எனக்கு உறுதிசெய்தவர் அந்தத் தங்கை, ஸ்டெல்லா. ஆறு ஐம்பதுக்குத் தொலைபேசியில் பேசினார். அதற்கு முன்பே பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய ஒரு செய்தியை யாரோ எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று பிழைகள் இருந்தன. திங்கட்கிழமை இறந்தார் என்றது. மருத்துவமனையில் இறந்தார் என்றது. ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை என்றது. மூன்றில் கடைசிப் பிழைதான் அவரைக் கோபப்படுத்தியிருக்கும். லிங்கராஜபுரத்தில் தேவாலயத்தை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளியில் அவர் கற்பித்தது கத்தோலிக்க வேதபாடமான ஞானோபதேசமும் மாரல் சயின்ஸும். கன்னடம் ஒருநாளும் இல்லை. கன்னட ஆசிரியை விடுப்பில் போனபோது வகுப்பைப் பார்த்துக்கொண்டதோடு சரி.

இரண்டு நாளாக மூச்சு வாங்கியது என்றார் ஸ்டெல்லா. டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். "பள்ளிக்கூடம் திறக்கட்டும், கமிட்டி கூடட்டும், அப்புறம் பாக்கலாம்னுட்டா ஸார். தபால்காரர் வர்ற நேரத்துக்கு சேரை வாசப்பக்கம் திருப்பிப் போட்டுக்குவா. நேத்தும் அப்படித்தான் போட்டிருந்தா. இன்னும் அப்படியே இருக்குது."

தபாலில் அவர் எதிர்பார்த்தது ஒரு கடிதம். அது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அவரிடம் படித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. பத்து வருடங்களுக்கு முன்பு அவர்மீது ஒரு புகார் வந்தது: ஓர் இந்துக் குழந்தைக்குக் கிறிஸ்தவ ஜெபம் கற்பித்தார் என்று. பள்ளி விசாரித்தது. தவறாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவரிடம் வாயால் சொன்னது. அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று அவர் கேட்டார். வேலையில் இருந்தவரை கேட்டார், ஓய்வுபெற்ற பிறகும் கேட்டார். கடிதம் வரவில்லை. அந்தப் புகாரைச் செய்தியாக எழுதியவன் நான்.

அவருடைய வகுப்பு எப்படி அப்படியொரு வகுப்பானது என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியடில் கத்தோலிக்கக் குழந்தைகள் மாடிக்கு ஞானோபதேசத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் கீழேயே மாரல் சயின்ஸ் படிப்பார்கள். இப்படித்தான் அந்தப் பள்ளியில் வழக்கம். ஒரு வருடம் மாரல் சயின்ஸ் ஆசிரியை திருமணமாகிப் போய்விட்டார். வேறு ஆள் போடவில்லை. இரண்டு பாதியும் ரெஜினா மிஸ்ஸின் அறைக்கு வந்து சேர்ந்தன. இரண்டு புத்தகம், ஒரே கரும்பலகை. முதல் மாதம் ஒரு பாதிக்குப் பாடம் நடத்தும்போது மறு பாதியை மனதுக்குள் படிக்கச் சொல்லிப் பார்த்தாராம். யாரும் தன் புத்தகத்தைப் படிக்கவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தையே எட்டிப் பார்த்தார்கள். "சரி, எட்டித்தானே பாக்கறீங்க, ஒழுங்கா பாருங்கன்னு வுட்டுட்டேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்த முறை இதுதான். ஒரு பெஞ்சில் இரண்டு குழந்தைகள், கூடுமானவரை வேறு வேறு வீட்டு வழக்கம் உள்ளவர்கள். வாரம் முழுவதும் ஒருவர் மற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் வீட்டில் கும்பிடுவீர்களா, எப்போது, எப்படி, யார் முதலில் உட்காருவார்கள். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று பக்கத்துப் பிள்ளையின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் வீட்டைப் பற்றிச் சொல்லக் கூடாது. சொன்னதை அந்தப் பக்கத்துப் பிள்ளை கேட்டு "சரி" என்று சொன்னால்தான் நோட்டில் டிக் விழும். மிஸ் டிக் போட மாட்டார். சிவப்புப் பேனாவை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவார்.

நான் அதை ஒருமுறை நேரில் பார்த்தேன். பள்ளியின் தண்ணீர்த் தொட்டி ஒழுகிப் பின்தெருவில் தேங்குவது பற்றி எழுதப் போயிருந்தேன். தலைமையாசிரியை வரத் தாமதமானதால் ரெஜினா மிஸ்ஸின் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அனிதா என்ற சிறுமி எழுந்து, ரிஸ்வானா வீட்டில் நோன்பு நாளில் காலையிலிருந்து பசியாக இருப்பார்கள் என்றாள். ரிஸ்வானா உட்கார்ந்தபடியே தலையாட்டி மறுத்தாள். "பசியா இருக்கறது இல்ல மிஸ், சாப்டாம இருக்கறது. எங்க அம்மி பசிக்கல பசிக்கலன்னேதான் சொல்வாங்க." டிக் இல்லை. அனிதா அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும். அடுத்து எழுந்த ஷாலினிக்குப் பெரிய சிக்கல். அவள் பக்கத்தில் இருந்த கௌதமி பழைய கன்டோன்மென்ட் பக்கத்துப் பௌத்தக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் சாமியே கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஷாலினி விரலை எண்ணிக்கொண்டே சொன்னாள்: "கௌதமி வீட்ல சாமி இல்ல மிஸ். ஒரு ஃபோட்டோ இருக்குது. லீவு நாள்ல வெள்ள ட்ரெஸ் போட்டு அதுக்கு முன்னாடி நிப்பாங்க. சாமி இல்லன்னாலும் செருப்ப வெளியதான் வுடணும்."

வகுப்பு சிரித்தது. கௌதமி சற்று யோசித்துவிட்டு, சரி என்று பேனாவை வாங்கினாள். மிஸ் சிரிக்கவில்லை. நோட்டில் "செருப்பு" என்று எழுதிக்கொண்டார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் ஓர் இடத்தில் நின்று நான் பார்க்கவில்லை. பெஞ்சுகளுக்கிடையே போவார், வருவார், ஜன்னல் கொக்கியைப் போடுவார், எடுப்பார். யாராவது தவறாகச் சொல்லப் போகிறார்கள் என்றால் அது வாயில் வருவதற்கு முன்பே அவர் கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வெளியே வரும்போது, சாமியைப் பற்றி நீங்கள் எதுவுமே சொல்லவில்லையே என்று கேட்டேன். "அது ஃபாதருக்குத் தெரியும் ஸார். எனக்குத் தெரிஞ்சது பெஞ்சு" என்றார். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தொட்டிச் செய்தி மறுநாள் வந்தது. வகுப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, இருக்கவும் தேவையில்லை.

புகார் வந்தது அதற்கடுத்த வருடம். மூன்றாம் வகுப்பில் காவ்யாவும் ஜெனிஃபரும் ஒரே பெஞ்சு. காவ்யாவின் தந்தை செந்தில் திருப்பத்தூர்க்காரர், ஒரு குடோனில் சூப்பர்வைசர். ஜெனிஃபரின் தாய் மெர்சி லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தையல் வேலை. அந்த வருடம் பலரும் அரைகுறையாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்ததால் எரிச்சலடைந்த மிஸ், இந்த வாரம் ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் சொன்னார். வீட்டில் நடப்பதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அந்த இரண்டு பெண்களும் வகுப்பிலேயே கெட்டிக்காரிகள். ஒரு வார்த்தை விடாமல் என்றால் ஒரு வார்த்தை விடாமல்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒரு மாலை, ஊரிலிருந்து வந்திருந்த செந்திலின் தந்தை, பேத்தி கேஸ் சிலிண்டர் பக்கத்தில் மண்டியிட்டு மாதா ஜெபத்தை முழுவதுமாகச் சொல்வதைக் கேட்டார். செந்தில் மறுநாளே பள்ளிக்கு எழுத்தில் புகார் கொடுத்தார். பிரதியைக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பினார்.

அதே வாரம், வேறொரு மாலை, மெர்சி கடையிலிருந்து திரும்பியபோது ஜெனிஃபர் நெற்றியில் பவுடரால் மூன்று கோடு இழுத்துக்கொண்டு, வீட்டுப் பீடத்துக்கு முன்னால் நின்று, முருகனுக்கு விளக்கேற்றும்போது காவ்யா வீட்டில் சொல்லும் வரிகளை அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மெர்சி நேராகத் தேவாலயத்துக்கு, பங்குத்தந்தையிடம் ஓடினார். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்க இரண்டு மாதம்தான் இருக்கிறது, பிள்ளை இப்படி நிற்கிறாள் என்று அழுதார். மிஸ்ஸிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று பங்குத்தந்தை அனுப்பிவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை.

ஆக, ஒரே வாரத்தில், ஒரே பெஞ்சிலிருந்து, இரண்டு புகார். ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. என் கைக்கு வந்தது எழுத்தில் இருந்த ஒன்று மட்டும்.

நான் எழுதிய செய்தி நான்கு வாக்கியம். லிங்கராஜபுரத்தில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் மாணவிக்குக் கிறிஸ்தவ ஜெபம் கற்பிக்கப்பட்டதாகத் தந்தை புகார் அளித்துள்ளார். புகாரின் பிரதி கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது. பள்ளி நிர்வாகம் கருத்துக் கூற மறுத்துவிட்டது. விசாரணை நடப்பதாகத் தெரிகிறது. மிஸ்ஸின் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அது யார் என்று தெரியாதவர் யாரும் இல்லை. இரண்டாவது புகாரைப் பற்றி எனக்கு அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. பங்குத்தந்தை பேச மறுத்தார். மெர்சி, "என் பேரு வேண்டாம்ணா, புதுநன்மை முடியட்டும்" என்றார். உறுதிப்படாததைப் போடுவதில்லை என்பது என் வழக்கம். விட்டுவிட்டேன். அந்த வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அது போன வருடத்துச் சங்கதி, இந்தப் புகாருக்குச் சாட்சியாகாது என்று அதையும் ஒதுக்கினேன்.

இரண்டு நாள் கழித்து ரெஜினா மிஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே நான்கு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்தார். வகுப்பில் பிள்ளைகளைப் படிக்க வைப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தினார்.

"இதுல என்ன தப்புன்னு சொல்ல வரல ஸார். என்ன இல்லன்னு சொல்ல வந்தேன்."

சொன்னார். ஜெனிஃபர், பவுடர் கோடு, மெர்சி எல்லாம். பிறகு கேட்டார்: "அச்சடிக்கறதுக்கு முன்னாடி இத எங்கிட்ட படிச்சுக் காட்டியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

சரியில்லை என்று சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

"இல்ல. சரி, ஆனா பாதின்னு சொல்லியிருப்பேன். பாதிக்கு டிக் கிடையாது."

தவறு தன்னுடையதும்தான் என்று அவரே சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் என்று சொன்னது அவர்தான். வெறுமனே பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கடிதம் வரும்போது அதையும் எழுதட்டும் என்றார். மறுப்பு வெளியிட முடியுமா என்று எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். மறுப்புப் போட வேண்டுமானால் செய்தியில் தவறு இருக்க வேண்டும், நான்கு வாக்கியத்தில் எது தவறு என்று காட்டு என்றார் அவர். காட்ட முடியவில்லை.

அடுத்த மாதம் பள்ளி நிர்வாகம் வகுப்பைப் பிரித்தது. கத்தோலிக்கக் குழந்தைகள் மாடிக்குப் போனார்கள். மற்றவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நீதிக்கதைப் புத்தகத்தை முறை வைத்துப் படித்தார்கள். இரண்டு அறையிலும் ரெஜினா மிஸ் இல்லை. இரண்டாம் வகுப்புத் தமிழும், மதிய உணவு வரிசையைப் பார்த்துக்கொள்வதும் அவருக்குத் தரப்பட்டன. விசாரணையில் உங்கள்மீது ஒன்றும் இல்லை மிஸ் என்று பள்ளிக் கமிட்டியின் அப்போதைய செயலாளர் அவரிடம் நேரில் சொன்னார். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்று அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை. நாங்கள்தான் சொல்லிவிட்டோமே என்றார்களாம். "வாயால சொன்னது ஸ்கூல் கேட்டத் தாண்டி வெளிய வராது ஸார்" என்று என்னிடம் சொன்னார். செய்தி மட்டும் தெரு முழுக்கப் போயிருந்தது. கறிக்கடையில் ஒருவர், மதம் மாற்றும் டீச்சர் நீங்கதானே என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். தேவாலயத்தில் ஒரு பெண்மணி, பிள்ளைக்குத் திருநீறு பூசச் சொன்னவர் நீங்கதானே என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே நாளில் கேட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

அவரிடம் ஓர் ஆதாரம் இருந்தது. அந்த நோட்டு. காவ்யா, ஜெனிஃபர் பெயர்களுக்கு எதிரே எழுதப்பட்ட பக்கத்தைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள் என்று நானே இரண்டு மூன்று முறை சொன்னேன். கொடுக்க மறுத்துவிட்டார். "அதுல எல்லா வீடும் இருக்குது ஸார். யாரு வீட்ல என்ன பண்றாங்க, யாரு வீட்ல ஒண்ணும் பண்றதில்ல, எல்லாம். பெஞ்சுக்காகச் சொன்னது. ஆபீசுக்குச் சொன்னதில்ல." அந்த இரண்டு பிள்ளைகளை அழைத்துக் கேட்கலாம் என்று கமிட்டி சொன்னபோதும் அவர்தான் தடுத்தார். எட்டு வயதுப் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைத்து உன் சாமி எது என்று கேட்பதானால் தனக்குக் கடிதமே வேண்டாம் என்றார். மறுநாள் மறுபடியும் போய்க் கடிதம் கேட்டார்.

இப்படியே போனது. கமிட்டி கூடும் ஒவ்வொரு முறையும் மனு கொடுப்பார். செயலாளர்கள் மாறினார்கள். ஆபீஸ் கிளார்க் அவரைப் பார்த்ததும், "ஸார் இல்ல மிஸ், நாளே பன்னி" என்று பாதிக் கன்னடத்தில் நாளை வரச் சொல்வார். நாளை என்றால் மறுநாள் காலை ஒன்பதுக்கே அவர் அங்கே இருப்பார். ஓய்வுபெற்ற பிறகும் ஜீவனஹள்ளியிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு நடந்தே போவார். முழங்கால் வலி வந்த பிறகு ஷேர் ஆட்டோ. எனக்கு மாதம் ஒருமுறை போன் வரும். நலம் விசாரிப்பு கிடையாது. எடுத்ததும், "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்பார். நான் ஊராரிடம் கேட்டுப் பிழைக்கிற கேள்வி அது. அதை என்னிடம் மாதாமாதம் கேட்ட ஒரே ஆள் அவர். இல்லை மிஸ் என்பேன். "சரி, அடுத்த மாசம்" என்று வைத்துவிடுவார். சில மாதங்களில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை பிற்பகல் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் அவர் மாணவர்கள். ரிஸ்வானா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஜெனிஃபர் இப்போது பி.காம். முதல் வருடம். அவள் பக்கத்தில் நின்ற பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காவ்யா என்று அவளே சொன்னாள். குடும்பம் சந்தாபுராவுக்கு மாறி எட்டு வருடம் ஆகிறது. இரண்டு பேரும் இன்ஸ்டாகிராமில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துப் பேசிக்கொள்கிறார்களாம். காவ்யாவை பைக்கில் கொண்டுவந்து விட்ட செந்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

மண் போட்டு முடிந்து வெளியே வரும்போது மெர்சி அவரைப் பார்த்தார். இருவரும் அதற்கு முன் பேசியதே இல்லை. மெர்சிதான் போனார். "நீங்க காவ்யா அப்பாதானே? அந்த வாரம் எம்பொண்ணு நெத்தில பட்ட போட்டுகிட்டு உங்க முருகன் பாட்டப் பாடிட்டு நின்னா. நானும் ஃபாதர்கிட்ட போய் அழுதேன்."

செந்தில் முதலில் புரியாமல் பார்த்தார். மெர்சி மறுபடி முதலிலிருந்து சொன்னார். செந்தில் தன் மகள் பக்கம் திரும்பினார்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியேப்பா."

நானும் கேட்கவில்லை. பத்து வருடத்தில் செந்திலிடம் ஒருமுறைதான் பேசியிருக்கிறேன், செய்தி எழுதிய அன்று. என்னிடமிருந்து அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதைக் கல்லறை வாசலில் தெரிந்துகொண்டார்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இது பற்றி எழுதுவீர்களா என்றார். எழுதுவேன் என்றேன். "அப்ப இதையும் எழுதிக்கங்க ஸார். நான் குடுத்த மனு பொய் இல்ல. எம்பொண்ணு மண்டி போட்டுச் சொன்னது நெசம். அத நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா அந்தப் பக்கமும் இப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா மனு குடுத்திருக்க மாட்டேன். சிரிச்சிருப்பேன்." பிறகு, "எங்கப்பா சிரிச்சிருக்க மாட்டாரு" என்றார்.

வியாழக்கிழமை காவ்யாவும் ஜெனிஃபரும் நானும் ஸ்டெல்லா வீட்டில் நோட்டைப் பார்த்தோம். இப்போது அந்தப் பெண்கள் பெரியவர்கள். தங்கள் பக்கத்தை மட்டும் பார்க்கலாம் என்றார் ஸ்டெல்லா. அவரே பக்கத்தைத் தேடி எடுத்து, மற்றப் பக்கங்களை ஒரு துணியால் மூடிக்கொண்டு காட்டினார். காவ்யா பெயருக்கு எதிரே ஒரு டிக், ஜெனிஃபர் போட்டது. ஜெனிஃபர் பெயருக்கு எதிரே ஒரு டிக், காவ்யா போட்டது. கீழே மிஸ்ஸின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: மனப்பாடம் வேண்டாம் என்று அடுத்த வாரம் சொல்ல வேண்டும். அந்த அடுத்த வாரம் அவருக்கு வகுப்பில் நிம்மதியாகக் கிடைக்கவில்லை. ஜெனிஃபர் தன் டிக்கையே உற்றுப் பார்த்துவிட்டு, எவ்வளவு கோணலாகப் போட்டிருக்கிறேன் பாரேன் என்றாள். காவ்யா, அப்பவும் நீ அப்படித்தான் என்றாள்.

பக்கத்தைப் பிரதி எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, என்ன நடந்தது என்று இரண்டு பெண்களும் சேர்ந்து தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். மெர்சி தன் பங்கை நான்கு வரியில் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அதைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினார்கள். அட்மிஷன் நேரம் என்பதால் விடுமுறையிலும் அலுவலகம் திறந்திருந்தது. கிளார்க் பழைய ஆள்தான். பெயரைப் பார்த்துவிட்டு, மிஸ் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். மிஸ் இறந்ததை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ரெஜினா மிஸ்ஸிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். அதுவும் அவர் இருந்தவரை எனக்கு வராத பழக்கம். ஒருவரைப் பற்றி எழுதியதை அவரிடமே படித்துக் காட்டி, சரியா என்று கேட்பது. எங்கள் தொழிலில் அப்படிச் செய்வதில்லை; செய்யாமலிருக்க நல்ல காரணங்களும் உண்டு. இந்தக் கட்டுரைக்கு மட்டும் அப்படிச் செய்திருக்கிறேன். மெர்சி, சரி என்றார்; அழுதேன் என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் இருக்கட்டும் என்றார். செந்தில் ஒரு திருத்தம் சொன்னார்: அவர் அன்று சூப்பர்வைசர் இல்லை, லோடிங் பிரிவில் இருந்தார், சூப்பர்வைசரானது சந்தாபுரா போன பிறகு. மேலே எழுதியதை மாற்றாமல் விட்டிருக்கிறேன், திருத்தம் தெரியட்டும் என்று. ஸ்டெல்லாவுக்குப் படித்தபோது, ஜன்னல் கொக்கி இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அவ அவசரக்காரின்னு நெனச்சுக்குவாங்க ஸார். அவசரம் இல்ல. சும்னே உக்காரத் தெரியாது அவளுக்கு. ஒருத்தி தப்பாச் சொல்லிட்டுப் போயிடுவாளோன்னு பயம்." அதை அப்படியே சேர்த்திருக்கிறேன்.

இனி ஒருவர் பாக்கி. இப்போதைய கமிட்டிச் செயலாளருக்குச் சனிக்கிழமை மாலை தொலைபேசியில் முழுவதையும் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. பெண்கள் கொடுத்த கடிதம் கோப்பில் சேர்ந்துவிட்டது, ரெஜினா மிஸ்ஸின் பழைய மனுக்களும் அதிலேயே இருக்கின்றன என்பதை உறுதிசெய்தார். கமிட்டி கூடுவது பள்ளி திறந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்தரைக்கு. எழுத்தில் பதில் தருவதா என்பது அன்று முடிவாகும் என்றார். தந்தால் அதை யார் பெயருக்கு அனுப்புவது என்று கேட்டார். ஸ்டெல்லாவின் பெயரையும் ஜீவனஹள்ளி முகவரியையும் கதவு எண்ணோடு இரண்டு முறை சொன்னேன். எழுதிக்கொண்டாரா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.